இரத்தக்கட்டு

இரத்தக்கட்டு அல்லது ஊமைக்காயம் என்பது, தோல் கிழியாமல், அடிபட்ட இடத்தில் தோலுக்கடியிலுள்ள நுண்ணிய குருதிக்குழாய்கள் உடைந்து, கசியும் குருதி சுற்றியுள்ள திசுக்களில் தேங்குவதால் ஏற்படும் காயம் ஆகும். பேச்சுவழக்கில் கன்றிப்போதல் என்றும் கூறுவர். சிறிய இரத்தக்கட்டுகள் பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தாமாகவே மறைந்துவிடும். வீட்டுச் சிகிச்சையில் எதைச் செய்வது என்பதைவிட எப்போது செய்வது என்பதே முக்கியமானது. அடிபட்டவுடன் சுடு ஒத்தடம் கொடுப்பதும் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும் தமிழர் வீடுகளில் நல்லெண்ணத்துடன் செய்யப்படும் பரவலான தவறுகள் ஆகும்.

நிறமாற்றம்

தொடக்கத்தில் சிவப்பாகவும் பின்னர் நீலம் அல்லது ஊதாவாகவும் காணப்படும் இரத்தக்கட்டு, சில நாட்களில் பச்சை, மஞ்சள், பழுப்பு என மாறி மறைகிறது. தேங்கிய குருதியிலுள்ள ஈமோகுளோபினை உடலின் விழுங்கணுக்கள் சிதைக்கும்போது முதலில் பச்சை நிறப் பிலிவெர்டினும், அதிலிருந்து மஞ்சள் நிறப் பிலிரூபினும் உண்டாகின்றன. எஞ்சும் இரும்பு, ஈமோசிடெரின் என்னும் பழுப்பு நிறப்பொருளாகச் சில காலம் தங்கும். எனவே பச்சையும் மஞ்சளும் சீழ் பிடித்ததன் அறிகுறிகள் அல்ல. மாநிறம் அல்லது கருநிறத் தோலில் இம்மாற்றங்கள் தெளிவாகத் தெரிவதில்லை. அவ்விடம் சற்றுக் கருமையாகவும், தொட்டால் கெட்டியாகவும், வலியுடனும் இருப்பதைக் கொண்டே அறிய வேண்டும்.

முதல் இரண்டு நாட்கள்

குளிர்ச்சி குருதிக்குழாய்களைச் சுருக்கி, கசிவையும் வலியையும் குறைக்கிறது. பனிக்கட்டித் துண்டுகளை மெல்லிய துணியில் சுற்றி, ஒரு முறைக்கு 10 முதல் 20 நிமிடங்கள் வரை, சில மணி நேர இடைவெளியில் வைக்கலாம். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் உறைந்து புண்ணாகும். பனிக்கட்டி இல்லையெனில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியும் பயன்படும். அடிபட்ட கை அல்லது காலை இதயத்தின் மட்டத்திற்கு மேல் உயர்த்தி வைப்பது வீக்கத்தைக் குறைக்கும்.

ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தம், உயர்த்தல் என்னும் நான்கையும் சேர்த்து ஆங்கில முதலெழுத்துகளால் "ரைஸ்" எனப் பெயரிட்டவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் (1978). நீடித்த பனிக்கட்டி ஒத்தடமும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என அவரே 2014 இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆகவே வலியைத் தணிக்கும் அளவிற்குக் குளிர் ஒத்தடம் கொடுத்து, வலி பொறுக்கும் அளவிற்கு உறுப்பை அசைத்து வருவதே பொருத்தமானது.

இக்காலத்தில் வெப்பம் குருதிக்குழாய்களை விரிக்கும். உருவிவிடுதல் உடைந்த குழாய்களை மேலும் சிதைக்கும். குறிப்பாகத் தொடைத் தசையில் பலத்த அடிபட்டபின் அழுத்தித் தேய்த்தால், தசைக்குள்ளேயே எலும்பு போன்ற திசு வளரும் ஆபத்து கூடுகிறது. தேங்கிய குருதியை ஊசியால் குத்தி வெளியேற்ற முயல்வது கிருமித்தொற்றுக்கு வழிவகுக்கும்.

வெப்பமும் பற்றும்

இரண்டு நாட்கள் கழிந்து வீக்கம் நின்றபின், இளஞ்சூட்டு ஒத்தடம் குருதியோட்டத்தைக் கூட்டி, தேங்கிய குருதி அகல உதவும். நீரிழிவால் உணர்ச்சி குன்றிய கால்களில் சூடும் குளிரும் தெரியாமலே தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதால் அவர்கள் இரண்டையும் தவிர்ப்பது நன்று.

புளியையும் உப்பையும் கரைத்துக் காய்ச்சிய பற்று, மூசாம்பரப் பற்று ஆகியவை வீட்டு வைத்தியத்தில் வழங்கி வருகின்றன. புளிப் பற்றைக் கொதிக்கக் கொதிக்கப் பூசுவதால் கொப்புளம் உண்டாகலாம். மஞ்சளுடன் சுண்ணாம்பு குழைத்த பற்று சிவப்பாவது, மஞ்சளிலுள்ள குர்க்குமின் காரத்தில் நிறம் மாறுவதாலாகும். அது குருதியை வெளியே இழுப்பதால் அன்று. சுண்ணாம்பு மிகுந்தால் தோல் வெந்துவிடும். சிராய்ப்பு உள்ள இடத்தில் எந்தப் பற்றும் கூடாது.

மருந்துகள்

வலிக்குப் பாராசிட்டமால் போதுமானது. ஆஸ்பிரின் குருதி உறைவதைத் தடுப்பதால் கசிவை அதிகரிக்கக்கூடும். ரேயின் நோய்த்தொகுப்பு என்னும் அரிய, ஆபத்தான நோயின் காரணமாகக் குழந்தைகளுக்கு அதனை மருத்துவர் கூறாமல் கொடுக்கலாகாது. இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை உட்கொள்வோருக்கு எளிதில் இரத்தக்கட்டு ஏற்படும். ஆயினும் அவற்றைத் தாமாக நிறுத்துதல் இரத்தக்கட்டைவிடப் பெரிய தீங்காக முடியலாம்.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

தலையில் அடிபட்டபின் வாந்தி, மயக்கம், வலிப்பு, மிகுந்த தூக்கக் கலக்கம் தோன்றினாலோ, இரு கண்களைச் சுற்றியோ காதின் பின்புறமோ கன்றினாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பின்னவை மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்ததைக் காட்டக்கூடும். குருதி உறையா மருந்து உட்கொள்வோர் தலையில் அடிபட்டால் அறிகுறிகளுக்காகக் காத்திருக்கலாகாது. கை அல்லது கால் இறுகி, வலி கூடிக்கொண்டே சென்று, விரல்கள் மரத்துப்போவதும் அவசர நிலையே.

அடிபடாமலே உடலில் பல இடங்களில் இரத்தக்கட்டுகள் தோன்றுவது குருதிச் சிறுதட்டுகளின் குறைவு, ஈமோஃபிலியா, இரத்தப் புற்றுநோய் ஆகியவற்றால் இருக்கலாம். காய்ச்சலுடன் தோன்றினால் டெங்குவையும் கருத வேண்டும். அந்நிலையில் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் இரண்டும் தவிர்க்கப்பட வேண்டியவை. தவழவோ நடக்கவோ தொடங்காத கைக்குழந்தைக்குத் தானாக இரத்தக்கட்டு ஏற்படுவது அரிது. அதன் உடலில் அத்தகைய காயம் காணப்பட்டால், சிறிதாயினும், மருத்துவர் பார்க்க வேண்டும். அது குருதி நோயாகவோ, எவரேனும் துன்புறுத்தியதன் அடையாளமாகவோ இருக்கலாம்.