பற்றறுத்தலும் துவையல் தவசும்

யோகம் என்றவுடன் மூச்சையும் இருக்கையையும் எண்ணிக்கொள்வது இன்றைய வழக்காகிவிட்டது. பதஞ்சலியாரோ, மனத்தின் அலைவு அடங்குதற்கு இடைவிடாப் பயிற்சியோடு பற்றின்மையையும் வைத்தார். அது முனிவர்க்கு மட்டும் உரியதா, மனையும் மக்களும் உடையார்க்கும் கூடுவதா என்பது பழைய வினா. அதற்கு நம் மாவட்ட வரலாற்றில் ஒரு விடை காணக்கிடக்கின்றது.

இன்று சாமித்தோப்பு எனப்படும் ஊரில் 1809ஆம் ஆண்டு பிறந்தவர் அய்யா வைகுண்டர். அவர் காலத்துத் தென்திருவிதாங்கூரில் எளிய மக்கள் தலைக்கு வரி செலுத்தினர். கூலியின்றி ஊழியம் செய்தனர். அவர்தம் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தலும் குற்றமாயிற்று. உடைமையே இல்லாதவரை நோக்கி உடைமையைத் துறந்துவிடு என்று கூறுவது அறவுரையாகுமா? அஃது அதிகாரத்தின் குரலாகவே ஒலிக்கும். வைகுண்டரின் தனித்தன்மை இவ்விடத்தில்தான் விளங்குகின்றது.

திருவனந்தபுரத்துச் சிறையினின்று மீண்டபின் அவர் தம்மைச் சார்ந்தோரைக் குமரிக்கு அருகிலுள்ள கடற்கரையில் தவசிருக்கச் செய்தார். இதுவே துவையல் தவசு. துவையல் என்பது இங்கு உண்ணும் பொருளன்று, துணி துவைத்தல். எழுநூறு குடும்பங்கள் என மரபு கூறும். கணவனும் மனைவியும் மக்களுமாகச் சென்றனர் என்பது நோக்கத்தக்கது. நாளும் மும்முறை நீராடி, உடை துவைத்து, ஒருவேளை மட்டும் அரிசியும் பயறும் கலந்து சமைத்து உண்டனர். எவரும் இல்லறம் துறந்திலர். இல்லறமே தவச்சாலை ஆயிற்று.

அவ்வாறு ஒடுங்கியிருக்கக் கற்பித்த அவரே, ஆடவர் தலைப்பாகை கட்டி வழிபடவேண்டும் என்றார்; வழிபாட்டிடத்தில் கண்ணாடியை நிறுவினார். தலைப்பாகை அம்மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. ஆசையைச் சுருக்கு, தலையை நிமிர்த்து என்னும் இரண்டையும் ஒருவரே சொன்னது முரணன்று என்பது என் துணிபு. பற்றைத் தானே விடுபவனும் பறிகொடுப்பவனும் ஒருவரல்லர். தோள்சீலை உரிமைக்கான அரச ஆணை 1859இல்தான் வந்தது; 1851இல் மறைந்த வைகுண்டர் அதனைக் கண்டிலர்.

நான் வாழும் இனயம், கண்டிப்பாகப் பார்த்தால், நாஞ்சில் நாட்டைச் சேர்ந்ததன்று. தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களையே அப்பெயர் குறிக்கும். இது பழைய விளவங்கோடு வட்டத்துக் கரையூர். கத்தோலிக்க மீனவர் ஊர். துவையல் தவசு இவர்கள் மரபன்று. எனினும் விடுதலும் பறித்தலும் பற்றிய அதே வினா இங்கும் எழுந்தது. 2016 ஜூலையில் இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்க நடுவண் அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. நாட்டு நலனுக்காகச் சற்றே விட்டுக்கொடுத்தால் என்ன என்றோர் உண்டு. கரையார் இசையவில்லை, மன்றாட்டும் மறியலுமாய் எதிர்த்து நின்றனர். பின்னர் அத்திட்டத்திற்கு வேறிடம் நாடப்பட்டது.

அவர்கள் பற்று மிகுந்தவர் என்று கணக்கெழுதிவிடலாமா? அடுத்த ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியது. ஆழ்கடலில் சிக்கியோரைத் தேடி, இம்மேலைக் கடற்கரையினின்று மீனவர் தம் படகுகளிலேயே புறப்பட்டனர். வலையையும் அன்றாட வரும்படியையும் கரையில் விட்டுவிட்டுச் சென்ற அவர்கள், கரையை விடோம் என்று முந்தைய ஆண்டு நின்ற அதே கடலோரத்தார்.