சரளையும் சிமெண்டும்

ஐயனார் குதிரையைக் கான்வாஸில் ஏற்றிவிட்டால் அது மண்ணின் கலை என்று எழுதிவிட நம்மில் பலர் தயாராக இருக்கிறோம். நானும் எழுதியவன்தான். ராம்கிங்கர் பைஜின் 'சந்தால் குடும்பம்' சிற்பத்தைக் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்துவிட்டு, அதிலும் மண்வாசனையைக் கண்டுபிடித்தேன். சிற்பம் வெண்கலம் என்று வேறு நினைத்திருந்தேன்.

பிறகு விடுப்புப் பயணச் சலுகையில் சாந்திநிகேதன் போக வாய்த்தது. (அங்கே என்ன கோவில் இருக்கிறது என்று வங்கி நண்பர் ஒருவர் கேட்டார்.) கலாபவன வளாகத்தில், தாழ்ந்த பீடத்தின் மேல், ஆளுயரத்தை மீறிய உருவங்கள். காவடி சுமந்து நடக்கும் ஆண், காவடிக் கூடையில் குழந்தை, தலைச்சுமையோடு பெண், கூடவே ஒரு நாய். அந்தப் பிரதேசத்துச் சரளைக்கல் ஒன்றைக் கையில் எடுத்து, சிற்பத்தின் சொரசொரப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே பொருள்.

பீர்பூம் மாவட்டத்தின் பூமி செம்புறாங்கல் பூமி. மழை அரித்து அரித்து உண்டான செந்நிறப் பள்ளங்களை அங்கே 'கோயாய்' என்கிறார்கள். 1938இல் இந்தச் சிற்பத்தைச் செய்தபோது வெண்கலத்துக்குப் பணமில்லை. களிமண்ணும் பிளாஸ்டரும் திறந்த வெளியில் வங்காளத்து மழைக்குத் தாங்காது. இரும்புக் கம்பிகளால் கூடு கட்டி, சிமெண்டில் சரளையைக் கலந்து, கொத்தனார் சுவருக்குச் சாந்து எறிவதுபோலக் கையால் எறிந்து, இறுகிய பின் வேண்டாததை வெட்டி எடுத்தார் ராம்கிங்கர். அச்சு இல்லை, வார்ப்பு இல்லை. எறிந்த கையின் வேகம் இன்றும் அந்த முதுகுகளில் தெரிகிறது.

இதை அவர் எந்தக் கலைப்பள்ளியிலிருந்தும் பெறவில்லை என்றே நான் நினைக்கிறேன். 1906இல் பாங்குராவில் நாவிதர் குடும்பமொன்றில் பிறந்தவர். மூங்கிலும் வைக்கோலும் கட்டி அதன்மேல் மண் அப்பித் துர்க்கையை உருவாக்கும் கைவினைஞர்களைப் பார்த்து வளர்ந்தவர். ராமானந்த சட்டர்ஜி 1925இல் அவரைச் சாந்திநிகேதனுக்கு அழைத்துவந்தார். 1935இல் தாகூருக்காகக் கட்டப்பட்ட 'சியாமளி' என்ற மண்வீட்டின் சுவர்களில் சந்தால் உருவங்களைப் புடைப்பாகச் செய்தார். வைக்கோல் இருந்த இடத்தில் இரும்பும், களிமண் இருந்த இடத்தில் சிமெண்டும் வந்ததே 'சந்தால் குடும்ப'த்தின் தொழில்நுட்பம். மரபு அவரிடம் ஒரு உருவமாக அல்ல, ஒரு வேலைமுறையாக வந்து சேர்ந்திருக்கிறது. சிமெண்டோ ஆலைச்சரக்கு. மண்ணின் கலை என்று பரவசப்படுகிறவர்கள் இந்தச் சிமெண்டைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொன்றையும் பேசுவதில்லை. அந்தக் குடும்பம் நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளை, பாத்திரம் பண்டம், நாய் என்று உள்ளதையெல்லாம் எடுத்துக்கொண்டு பிழைப்புத் தேடி இடம்பெயர்கிறது. தம் மண்ணை விட்டுப் போகிறவர்களை அந்த மண்ணின் சரளையாலேயே செய்து நிறுத்தியிருக்கிறார். வேரூன்றிய ஆதிவாசி என்ற நம் கற்பனைக்கு அங்கே இடமில்லை.

பதினெட்டு வருஷங்களுக்குப் பிறகு, 1956இல், அதே வளாகத்தில் 'ஆலைச் சங்கு'. இரண்டு சந்தால் பெண்களும் ஒரு குழந்தையும். அரிசி ஆலையின் சங்கு ஊதிவிட்டது. ஈரத்துணி காற்றில் உலர உலர ஓடுகிறார்கள். 1938இல் நடந்தவர்கள் இப்போது ஓடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. இரண்டு சிற்பங்களுக்கும் நடுவே ஒரு சரித்திரம் இருக்கிறது. எந்தச் சரித்திரப் புத்தகமும் எனக்கு அதை இவ்வளவு கிட்டத்தில் காட்டியதில்லை.

வங்கிக்காரன் என்பதால் தில்லி ரிசர்வ் வங்கி வாசலில் நிற்கும் அவருடைய யக்ஷனையும் யக்ஷியையும் விட்டுவிட முடியவில்லை. 1950களின் நடுவில் ஏற்று, 1960களின் பிற்பகுதியில் முடித்த வேலை. கல்லைத் தேடிக் காங்ரா பள்ளத்தாக்கின் பைஜ்நாத் வரை போனார். அதைத் தில்லிக்குக் கொண்டுவந்து சேர்த்ததே பெரும்பாடு. மதுரா அருங்காட்சியகத்துப் பார்க்கம் யக்ஷன்தான் மாதிரி. ஆனால் இந்த யக்ஷன் ஒரு கையில் பணப்பையும் மறுகையில் பற்சக்கரமும் வைத்திருக்கிறான். சங்கு ஊதிய ஆலையின் சக்கரம்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கம்பீரமான வேலை, மறுக்கவில்லை. ஆனாலும் அதை வேறொரு வாசலில் நிறுத்தினால் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது. 'சந்தால் குடும்ப'த்தைப் பெயர்த்து ஒரு காட்சிக்கூடத்தில் வைத்தால், அது நடக்க வேண்டிய பூமி இல்லாமல் போய்விடும்.

ரித்விக் கட்டக் 1975இல் ராம்கிங்கரைப் பற்றி எடுக்கத் தொடங்கிய படம், அடுத்த வருஷம் கட்டக் இறந்துபோனதால் முற்றுப்பெறவில்லை. கூரை ஒழுகுகிறது, கூரை வேயப் பணமில்லை, அதனால் தன் தைல ஓவியங்களை எடுத்து ஓட்டையில் செருகி வைத்திருப்பதாக அதில் ராம்கிங்கர் சொல்கிறார். அதற்கு ஐந்து வருஷம் முன்பே பத்மபூஷண் பெற்றவர். முகத்தில் வருத்தம் ஏதும் தென்படவில்லை. தைல வர்ணம் தண்ணீர் புகாது, அவ்வளவுதான் விஷயம்.