வளைய மூலக்கூறுகளும் நானோ வடிகட்டிகளும்

வடிகட்டியின் தரத்தைத் தீர்மானிப்பது அதன் துளை. துணியில் நெசவும் சல்லடையில் கம்பியும் துளையின் அளவை நிர்ணயிக்கின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அதனினும் சிறிய துளையைக் கருவியால் சீராகக் குத்துவது மிகக் கடினம். ஆகவே, இயல்பிலேயே நடுவில் துளை கொண்ட வளைய மூலக்கூறுகளைப் பதித்துச் சவ்வு செய்யும் முயற்சி தோன்றியது.

வளையங்கள் கிடைத்த கதை

1891இல் பிரான்சின் வில்லியே, மாவுப்பொருளை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது ஒருவகைப் படிகங்கள் உண்டாவதைக் கண்டார். இன்று அவற்றின் பெயர் சைக்ளோடெக்ஸ்ட்ரின். 6, 7 அல்லது 8 குளுக்கோசு அலகுகள் கோத்த வளையம் இது. அலகு கூடினால் துளையும் பெரிதாகும். ஒரு வாய் அகன்றும் மறுவாய் குறுகியும், அடியில்லாத வாளி போல இருக்கும்.

1967இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன வேதியியலாளர் சார்லஸ் பெடர்சன் கிரவுன் ஈதர்களைப் பற்றி எழுதினார். வேறொரு பொருளைத் தயாரிக்கும்போது மிகச் சிறிதளவே கிடைத்த துணைவிளைபொருளை எறிந்துவிடாமல் ஆராய்ந்ததன் பயன் அது. வளையத்தின் அளவுக்குப் பொருந்தும் அயனியை அது இறுகப் பற்றுவதை அவர் காட்டினார். முனைவர் பட்டம் பெறாத அவருக்கு 1987இல் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

சவ்வின் குறை

1960ஐ ஒட்டி, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் இருவரும் செல்லுலோசு அசிட்டேட்டால் உப்பை நீக்கும் சவ்வைச் செய்தனர். பின்னர் வந்த பாலிஅமைடு சவ்வுகளே இன்று கடல்நீர் ஆலைகளில் பெரிதும் பயன்படுகின்றன. இவற்றில் நீர் செல்லும் வழி, பாலிமர் இழைகளுக்கு இடையிலுள்ள சந்துகள். அவை ஒரே அளவில் இருப்பதில்லை. உப்பை நன்கு தடுக்கச் சந்தைக் குறுக்கினால் நீரின் வேகம் குறைகிறது. வேகத்தைக் கூட்டினால் உப்பு கசிகிறது.

நிமிர்த்தி நிறுத்துதல்

1993இல் ரேசா காதிரியின் குழு எட்டு அமினோ அமிலங்களால் ஆன வளையத்தை வடிவமைத்தது. இடக்கை, வலக்கை வகைகளை மாறிமாறிக் கோத்ததால் வளையம் தட்டையாகி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு குழாயானது. ஆனால் குழாய்கள் சவ்வில் படுத்துக்கிடந்தால் துளையால் பயனில்லை. 2011இல் பெர்க்லியில் டிங் சூவின் குழு, வளையங்களுடன் பாலிமரை இணைத்துக் குழாய்களை மெல்லிய படலத்தில் செங்குத்தாக வளரச் செய்தது.

2022இல் லண்டனில் ஆண்ட்ரூ லிவிங்ஸ்டன் தலைமையிலான குழு சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்கே திரும்பியது. இரண்டு வாய்களும் ஒரேமாதிரி வினைபுரிந்தால் வளையங்கள் தாறுமாறாகப் பிணையும். எனவே இரு வாய்களின் வினைத்திறனையும் வேறுபடுத்தினர். ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்களின் எல்லையில் வளையங்கள் ஒழுங்காக நிமிர்ந்து பிணைந்தன. எந்த வளையத்தைத் தேர்கிறோமோ, அதுவே துளையின் அளவாயிற்று.

கண்டறிந்து 131 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பழைய வளையம் சவ்வில் ஒழுங்காக நின்றது. மருந்து, வேதிப்பொருள் ஆலைகளில் கரைப்பானைக் கொதிக்கவைத்துப் பிரிப்பதற்கு மிகுந்த வெப்பம் செலவாகிறது. அளவறிந்து பிரிக்கும் சவ்வு அந்த இடத்தைப் பிடித்தால் எரிபொருள் மிச்சமாகும். குறையின்றிப் பெரும் பரப்பில், மலிவாகச் செய்வதே அடுத்த சவால்.