கரைக்குப் பின்னால் உள்ள நிலம்: ஜுருவின் வெள்ளச் சமவெளியும் அனுமதி அதிகாரமும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் ஜுரு ஆறு கடலைச் சேரும் தாழ்நிலத்தில் மீனவர் கிராமம், தொழிற்பேட்டை, வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை, புதிய வீடமைப்புகள் ஆகிய அனைத்தும் நெருங்கி நிற்கின்றன. இத்தகைய இடத்தில் கரையை உயர்த்துவதற்கு முன்பே வெள்ளச் சமவெளியை வரைந்து, அவ்வரைபடத்தைக் கட்டட அனுமதியோடு சட்டப்படி பிணைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இங்கு வெள்ளத்துக்கு இரு வாயில்கள். புக்கிட் மெர்தாஜாம் பக்கமிருந்து மழைநீர் இறங்குகிறது. மலாக்கா நீரிணையிலிருந்து ஓதம் ஏறுகிறது. ஓத நேரத்தில் மதகை மூடினால் உள்நீர் தேங்கும்; திறந்தால் கடல்நீர் புகும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெருமழையும் கடலேற்றமும் ஒன்றுசேர்ந்தபோது பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் பல பகுதிகள் மூழ்கின. ஏழு பேர் உயிரிழந்தனர். கரையின் உயரம் மட்டும் இச்சிக்கலைத் தீர்க்காது. உள்ளே சேரும் நீருக்குத் தங்க இடம் வேண்டும்.

அந்த இடம் முன்பு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் பரவியிருந்தன. தாழ்நிலத் தோட்டங்கள் வாய்க்காலையும் மண்கரையையும் நம்பியே நிலைத்தன. அன்று கரை உடைந்தால் பெரும்பாலும் பயிர் போனது. இன்று வீடு போகிறது. கரை தரும் பாதுகாப்பு உணர்வே அதன் பின்னால் குடியேற்றத்தைப் பெருக்கி, இழப்பையும் பெருக்குகிறது என்பதை அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட்டும் அவர் வழிவந்தோரும் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

2021 டிசம்பரில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா இதற்குச் சான்றானது. கிள்ளான் ஆற்றோரம் கரையையும் நீரேற்றிகளையும் நம்பியிருந்த அத்தாழ்நிலக் குடியிருப்பில் புகுந்த நீர் நாட்கணக்கில் வடியவில்லை. அவ்வாண்டு வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது.

நிர்வாகத்தில் பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும் ஆறும் மாநிலத்துடையவை. வடிகால், நீர்ப்பாசனம், நகர்ப்புறத் திட்டமிடல் ஆகியவை இரு அரசுகளுக்கும் பொது. வெள்ளத்தடுப்புப் பணிகளை வடிகால், நீர்ப்பாசனத் துறை மேற்கொள்கிறது; கட்டட அனுமதி செபராங் பிறை மாநகர் மன்றத்தின் கையில். கரை கட்டுபவர் ஒருவர், அதன் பின்னால் கட்ட அனுமதிப்பவர் வேறொருவர்.

2000இல் வந்த மழைநீர் மேலாண்மைக் கையேடு (மாஸ்மா), மேம்பாட்டுக்குப் பின் உச்ச நீரோட்டம் முன்பிருந்ததை மிஞ்சக் கூடாது என்கிறது. நல்ல நெறி. ஆனால் தாழ்நிலத்தை மண்ணிட்டு மேடாக்கும்போது வெள்ளம் தங்கிய கொள்ளளவே மறைகிறது. அந்த நீர் பக்கத்துப் பழைய கம்பத்துக்குத்தான் போகும். இக்கொள்ளளவு இழப்பை மனைவாரியாக அன்றி ஆற்றுப்படுகை முழுவதற்கும் கணக்கிட வேண்டும்.

வரைபடத்தை வெளியிட்டால் நிலமதிப்பு சரியும், ஏழைகள் வெளியேற்றப்படுவர் என்பது எதிர்வாதம். முதல் அச்சத்தில் நியாயம் குறைவு: ஆபத்தை மறைத்தால் அதன் விலையை அறியாமல் வாங்கியவர் செலுத்துகிறார். இரண்டாவது அச்சம் உண்மையானது. ஆகவே கட்டுப்பாடு புதிய மண்ணிடலிலிருந்தே தொடங்க வேண்டும். பழைய குடியிருப்புகளுக்கு முதலில் வடிகாலும் நீரேற்றியும் கிடைக்க வேண்டும். வரைபடத்தைத் தடையுடன் இணைப்பது புதுமையும் அன்று: 1884ஆம் ஆண்டின் சென்னை ஆறுகள் பாதுகாப்புச் சட்டம், ஆற்றெல்லையை அளந்து வரைந்து, அதற்குள் அனுமதியின்றிக் கட்டுவதைத் தடுக்க வழி செய்தது.

1976ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் அரசிதழில் வெளியாகும் உள்ளூர்த் திட்டமே இதற்குரிய கருவி. வெள்ள இடர் வரைபடம் அதன் பகுதியாக வேண்டும். ஒவ்வொரு கரையின் உயரம், கடைசியாகச் செப்பனிட்ட நாள், மதகை இயக்கும் பொறுப்பாளர் ஆகிய விவரங்கள் பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறும்வரை, ஜுருவின் தாழ்நிலத்தில் புதிய மண்ணிடலுக்கு மாநில அரசு அனுமதி வழங்கக் கூடாது.