ஓய்வூதியமா, ஓவியமா? திவாலான டெட்ராய்ட் நகரம் தன் மியூசியத்தை விற்காமல் தப்பியது எப்படி?

ஒரு மாநகராட்சி திவாலாகிவிட்டது. கடன் கொடுத்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். ரிட்டயர் ஆன ஊழியர்களுக்கு பென்ஷன் கொடுக்கப் பணம் இல்லை. ஆனால் அதே மாநகராட்சியின் பெயரில் ஒரு மியூசியம் இருக்கிறது. அதன் சுவர்களில் வான்கோ, புரூகல் வரைந்த ஓவியங்கள் தொங்குகின்றன. எடுத்து வித்துடலாமா?

2013-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் இந்தக் கேள்வி நிஜமாகவே நீதிமன்றம் வரை போனது. கலைக்கு அரசு ஏன் செலவு செய்ய வேண்டும் என்ற விவாதம் எங்கே எழுந்தாலும் இந்த வழக்கைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். என்ன நடந்தது? பார்ப்போம்.

டெட்ராய்ட் ஏன் திவாலானது?

கார் தொழிலின் தலைநகரம் டெட்ராய்ட். 1950-ல் அங்கே சுமார் 18.5 லட்சம் பேர் வசித்தார்கள். 2010-ல் சுமார் 7.1 லட்சம் பேர்தான். தொழிற்சாலைகள் இடம் மாறின, வசதியானவர்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள், வரி வருமானம் சரிந்தது. பெரிய நகரமாக இருந்த காலத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பென்ஷன் மட்டும் சுருங்கவே இல்லை.

2013 ஜூலை 18-ம் தேதி நகரம் திவால் மனு தாக்கல் செய்தது. கடன் சுமார் 1,800 கோடி டாலர். அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அமெரிக்க வரலாற்றில் அதுவரை எந்த நகரமும் இவ்வளவு பெரிய கடனோடு திவாலானதில்லை.

மியூசியம் எப்படி இதில் மாட்டியது?

அமெரிக்காவின் பெரிய கலை அருங்காட்சியகங்கள் பலவும் தனியார் அறக்கட்டளைகளின் சொத்து. ஊர் திவாலானாலும் அவற்றைத் தொட முடியாது. 1885-ல் தொடங்கப்பட்ட டெட்ராய்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்ட்ஸ் அப்படி இல்லை. 1919-ல் அதன் சொத்துகள் நகரத்தின் கைக்கு வந்தன. கார் கம்பெனிகள் கொழித்த 1920-களில் நகரமே சொந்தப் பணத்தில் ஓவியம் வாங்கியது. 1922-ல் வாங்கிய வான்கோவின் சுய உருவப்படம்தான் அமெரிக்கப் பொது மியூசியம் ஒன்றுக்குள் வந்த முதல் வான்கோ ஓவியம். 1930-ல் புரூகலின் 'திருமண நடனம்' வந்தது.

நல்ல காலத்தில் ஊர் செய்த பெருமையான காரியம் இது. கெட்ட காலத்தில் இதுவே கடன்காரர்கள் கண்ணில் பட்ட முதல் சொத்தும் ஆனது.

முந்தின வருஷமே வரி கட்ட ஒப்புக்கொண்ட மக்கள்

இந்தக் கதையில் பலர் விட்டுவிடும் பகுதி இது. மாநில அரசும் நகரமும் மியூசியத்துக்குக் கொடுத்த பணம் பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்தது. கையில் போதிய வைப்பு நிதியும் இல்லை. அதனால் 2012 ஆகஸ்டில் டெட்ராய்ட்டும் சுற்றுப்புறங்களும் அடங்கிய வெய்ன், ஓக்லாண்ட், மகோம்ப் ஆகிய மூன்று மாவட்ட மக்களிடமும் ஓட்டெடுப்பு நடந்தது: மியூசியத்துக்காகத் தனியாக ஒரு சொத்து வரி கட்டுவீர்களா?

1,50,000 டாலர் மதிப்புள்ள வீடு வைத்திருப்பவருக்கு வருஷத்துக்கு 15 டாலர். பதிலுக்கு அந்த மாவட்டத்தினருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மூன்று மாவட்டங்களும் சரி என்றன. மகோம்பில் மட்டும் நூலிழையில்தான் தப்பியது. இதன் மூலம் ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடி டாலர், பத்து ஆண்டுகளுக்கு உறுதியானது.

மியூசியம் மூச்சுவிட ஒரு வருஷம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. அடுத்த கோடையில் நகரம் திவால்.

ஓவியங்களின் விலை எவ்வளவு?

திவால் நகரத்தை நடத்த மாநில அரசு நியமித்த அவசர நிர்வாகி கெவின் ஓர், கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தை மதிப்பிடச் சொன்னார். மியூசியத்தில் மொத்தம் 60,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் இருந்தன. நன்கொடையாக வந்தவற்றில் பலவற்றுக்கு விற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. எனவே நகரத்தின் பணத்தில் வாங்கிய சுமார் 2,800 படைப்புகளை மட்டும் கிறிஸ்டீஸ் எடுத்துக்கொண்டது. விலை: 45.4 கோடி முதல் 86.7 கோடி டாலர். 'திருமண நடனம்' ஒன்று மட்டுமே 10 கோடி முதல் 20 கோடி டாலர்.

கடன்காரர்களுக்கு இது போதவில்லை, முழுத் தொகுப்பையும் கணக்கில் எடுங்கள் என்றார்கள். பின்னர் நடந்த இன்னொரு மதிப்பீட்டில் மொத்தத் தொகுப்பும் 280 கோடி முதல் 460 கோடி டாலர் என்று வந்தது. ஆனால் மதிப்பு வேறு, கையில் வரும் காசு வேறு. இவ்வளவையும் ஒரே நேரத்தில் சந்தையில் இறக்கினால் விலை விழும். நன்கொடை கொடுத்த குடும்பங்கள் வழக்குப் போடும். மக்களுக்கான அறக்கட்டளைச் சொத்து இது, கடனுக்காக விற்க முடியாது என்று மாநில அட்டர்னி ஜெனரல் 2013 ஜூனிலேயே கருத்துச் சொல்லியிருந்தார். படத்தை விற்றால் வரியை நிறுத்திவிடுவோம் என்ற எச்சரிக்கை பக்கத்து மாவட்டங்களிலிருந்து வந்தது. விற்றால் ஒருமுறை பணம் வரும், அதோடு வருஷா வருஷம் வருகிற 2.3 கோடியும் போகும்.

'கிராண்ட் பார்கெய்ன்' என்றால் என்ன?

மறுபக்கம் பென்ஷன்தாரர்கள். 20,000-க்கும் மேற்பட்டவர்கள். போலீஸ், தீயணைப்புத் துறையினருக்கு அமெரிக்க அரசின் சோஷியல் செக்யூரிட்டி பாதுகாப்பும் கிடையாது, நகர பென்ஷன் மட்டும்தான். 2014 தொடக்கத்தில் வந்த திட்டத்தில் மற்ற பொது ஊழியர்களின் பென்ஷனில் 34% வரை வெட்டு என்று இருந்தது.

சமரசப் பேச்சை நடத்திய நீதிபதி ஜெரால்டு ரோசன் ஒரு தாளில் கிறுக்கிப் பார்த்த யோசனையிலிருந்துதான் தீர்வு பிறந்தது என்கிறார்கள். மியூசியத்தைக் காப்பாற்றப் பணம் தரத் தயாராக இருக்கும் பெரிய அறக்கட்டளைகளிடம் கேட்பது. அந்தப் பணத்தைக் கடன்காரர்களுக்குக் கொடுக்காமல் பென்ஷன் நிதியில் போடுவது. பதிலுக்கு மியூசியத்தை நகரத்தின் கையிலிருந்து நிரந்தரமாக விடுவிப்பது.

ஃபோர்டு, கிரெஸ்கி, நைட் உள்ளிட்ட அறக்கட்டளைகள் 36.6 கோடி டாலர், மிச்சிகன் மாநில அரசு 35 கோடி, மியூசியம் தன் பங்காகத் திரட்டித் தருவதாகச் சொன்னது 10 கோடி. மொத்தம் 81.6 கோடி டாலர், 20 ஆண்டுகளில். (மாநில அரசு தன் பங்கை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிட்டு, சுமார் 19.5 கோடியாக ஒரே தவணையில் கட்டிவிட்டது. அதனால் 81.6 என்பது காகிதத்தில் கொஞ்சம் பெரிசாகத் தெரியும் எண்தான்.) மியூசியம் திரட்டிய 10 கோடியில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் கம்பெனிகள் தந்தது மட்டும் 2.6 கோடி.

2014 நவம்பர் 7-ம் தேதி திவால் நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் ஒப்புதல் அளித்தார். மியூசியத்தின் உரிமை லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றிடம் போனது. ஒரு படம்கூட விற்கப்படவில்லை.

அப்படின்னா யாருக்கும் நஷ்டம் இல்லையா?

இருக்கிறது. இதை 'கலை வென்ற கதை' என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான்.

பொது ஊழியர்களின் பென்ஷன் 4.5% குறைந்தது. விலைவாசிக்கு ஏற்ப வருஷம்தோறும் கிடைத்த 2.25% உயர்வு அடியோடு நின்றது. பெரிய அடி இந்த இரண்டாவதுதான். வட்டிக்கு வட்டி போடாமல் சாதாரணமாகக் கூட்டினாலே, பத்து வருஷத்தில் 22%-க்கும் மேல் வந்திருக்க வேண்டிய உயர்வு அது. போலீஸ், தீயணைப்புத் துறையினருக்கு அடிப்படைப் பென்ஷன் தப்பியது, ஆண்டு உயர்வு பாதியளவுக்குக் குறைந்தது. எல்லோருக்கும் மருத்துவ உதவி பெருமளவு வெட்டப்பட்டது. ஒப்பந்தம் தோற்றால் வெட்டு இன்னும் ஆழமாக இருக்கும் என்பதும், மாநில அரசு மீது வழக்குப் போடக்கூடாது என்பதும் முன்னாலேயே சொல்லப்பட்ட நிலையில்தான் பென்ஷன்தாரர்கள் 2014-ல் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள்.

அதேசமயம் இன்னொன்றையும் கவனிக்கணும். அந்த அறக்கட்டளைகள் பென்ஷன் நிதிக்கென்று தானாக முன்வந்து பணம் போட்டிருக்குமா? சந்தேகம்தான். ஓவியத்தைக் காக்க வந்த பணம்தான் பென்ஷனுக்குப் போனது. 'ஓய்வூதியமா, ஓவியமா' என்று எதிரெதிராக நிறுத்தப்பட்ட இரண்டில், ஒன்று இன்னொன்றுக்குப் பணம் கொண்டுவந்திருக்கிறது.

இப்போது யார் பணம் தருகிறார்கள்?

மியூசியத்தை நடத்தும் செலவில் பெரும்பகுதி இன்றும் அந்த 15 டாலர் வரியிலிருந்துதான் வருகிறது. 2020 மார்ச்சில் மூன்று மாவட்ட மக்களும் இன்னும் பத்து ஆண்டுகளுக்கு அதை நீட்டித்து ஓட்டுப் போட்டார்கள். அந்தக் கெடு முடியும்போது மியூசியம் சொந்தமாக ஒரு வைப்பு நிதியைத் திரட்டி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் மக்களிடம் போய் நிற்க வேண்டும்.