சான் பிரான்சிஸ்கோ நகர மையப் புத்துயிர்ப்பு

கோவிட் பெருந்தொற்றுக்குப் பின் ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியதால் வெறிச்சோடிய நிதி மாவட்டத்தையும் மார்க்கெட் தெருவையும் மீட்க, கலிபோர்னியாவின் இந்நகரம் மேற்கொண்டுவரும் முயற்சி. 2019இல் அலுவலக இடத்தில் 5 விழுக்காடு அளவே காலியாக இருந்தது. 2023இல் அது 30 விழுக்காட்டைத் தாண்டியது. மென்பொருள் நிறுவனங்களையே மிகுதியும் நம்பியிருந்ததால் அமெரிக்க நகரங்களில் அடி பலமாக விழுந்தது இங்குதான் எனலாம். மதிய உணவுக் கடைகள் பல மூடப்பட்டன. நகரைச் சுற்றுப்புறங்களோடு இணைக்கும் பார்ட் ரயிலில் கூட்டம் பாதிக்கும் கீழே குறைந்தது. 2023 ஆகஸ்டில் நார்ட்ஸ்ட்ராம் அங்காடியும் வெளியேறியது.

காலி அலுவலகங்களை வீடுகளாக்குவது எளிய தீர்வாகத் தோன்றும். ஆனால் பெரிய கோபுரங்களின் தளங்கள் மிக அகலமானவை. நடுப்பகுதிக்கு ஜன்னல் வெளிச்சம் எட்டாது. கழிப்பறைக் குழாய்களெல்லாம் மையத்தில் ஒரே இடத்தில் இறங்குவதால், வீட்டுக்கு வீடு குளியலறை, சமையலறை அமைக்கத் தளத்தையே உடைக்க நேரும். குறுகலான பழைய கட்டடங்களே இதற்கு ஏற்றவை. 2024 மார்ச்சில் வாக்காளர்கள், இவ்வாறு மாற்றப்படும் கட்டடங்களுக்கு முதல் விற்பனையின்போது சொத்துக் கைமாற்று வரியிலிருந்து விலக்களித்தனர். ஆயினும் கட்டுமானச் செலவும் வட்டியும் உயர்ந்திருந்ததால் பணிகள் மெதுவாகவே நகர்ந்தன.

விரைவாகப் பலன் தந்தவை சிறிய ஏற்பாடுகள்: காலிக் கடைகளைச் சிறு வணிகர்களுக்குச் சில மாதங்கள் வாடகையின்றி அளிக்கும் 2023ஆம் ஆண்டுத் திட்டம், மாதத்தின் முதல் வியாழனில் நடக்கும் தெருவிழா போன்றவை. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் பெரிய தளங்களை வாடகைக்கு எடுத்ததும் காலியிடத்தைக் குறைக்க உதவியது. ஆனால் ஒரே துறையை நம்பும் பழைய பலவீனம் இதனால் நீங்கவில்லை.