3,000 ரூபாய்க்குப் போன பீட்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கராபுரம் வீட்டுக்குப் பழைய மாணவி ஒருத்தி வந்திருந்தாள், கல்லூரியில் படிக்கும் மகனையும் கூட்டிக்கொண்டு. "ராத்திரி பூரா லேப்டாப்ல டப்பு டப்புன்னு தட்டிக்கிட்டே இருக்கான். நீங்களாவது சொல்லுங்க சார்" என்றாள். பையன் ஹிப்ஹாப் 'பீட்' செய்கிறான். அதாவது தாளமும் மெட்டும் இவன் அமைப்பான். மேலே வரிகளைப் போட்டுப் பாடுவது வேறொருவர். வெளியூர்ப் பாடகர் ஒருவருக்கு 3,000 ரூபாய்க்கு ஒரு பீட்டைக் கொடுத்திருக்கிறான். எல்லாம் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் பேசியதுதான். பாட்டு வெளிவந்தது, இவன் பெயர் இல்லை. அதைவிடக் கொடுமை, இவன் தன் சேனலில் முன்பே போட்டு வைத்திருந்த அதே பீட்டுக்கு, 'இது இன்னாருக்குச் சொந்தமான இசை' என்று காப்பிரைட் கோரிக்கை வந்து நிற்கிறது. தன் வீட்டுக்குள் நுழையத் தானே வாடகை கொடுக்கும் கதை.

அம்மா எதிர்பார்த்தபடி நான் பையனைத் திட்டவில்லை. வரலாற்று வாத்தியார் ஆயிற்றே, பேச உட்கார்ந்துவிட்டேன்.

மெட்டு ஒருவருடையது, பாட்டு இன்னொருவருடையது என்பது நமக்குப் புதிதல்ல. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சிட்டிருப்பார்கள். மெட்டுக்காரருக்குக் காசு போகாது. ஆனால் எங்கிருந்து எடுத்தது என்பதையாவது மறைக்காமல் சொன்னார்கள்.

உரிமை என்ற பேச்சு தமிழ்நாட்டையே கலக்கியது பாரதியார் விஷயத்தில். 1921-இல் அவர் மறைந்த பிறகு குடும்பத்துக்கு வறுமை. அச்சிடும் உரிமை அவருடைய தம்பி சி. விசுவநாதனிடம் வந்தது. ஆனால் இசைத்தட்டு, வானொலி உரிமை தனியாகப் பிரிந்து 1930-களில் ஜெஷிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் போனது. அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்தது அந்த உரிமையின் பேரில்தான். அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்க்க, அது வழக்கு வரை போயிற்று. மக்கள் கவிஞனின் பாட்டுக்கு ஒரு தனியார் எப்படிச் சொந்தம் கொண்டாடலாம் என்று எழுத்தாளர்கள் திரண்டார்கள். நாரண. துரைக்கண்ணன் முன்னின்றார். 1949-இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளை எடுத்துக்கொண்டது. அப்போது பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், திண்டிவனம் பக்கத்துக்காரர். நம் சங்கராபுரமும் அவர் ஊரும் அன்று ஒரே தென்னாற்காடு மாவட்டம்தான்! செட்டியாரும் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார்.

இதில் பையனுக்கு நான் காட்ட நினைத்தது வேறு. ஒரே பாட்டு, அச்சு உரிமை ஒருவரிடம், ஒலி உரிமை இன்னொருவரிடம். உரிமை என்பது முழுத் தேங்காய் அல்ல, பத்தை பத்தையாகக் கீறி விற்கலாம். இன்றைய பீட் வியாபாரமும் அதுவேதான். 'லீஸ்' என்றால் ஒரே பீட்டைப் பலருக்குக் குறைந்த விலையில் கொடுப்பது. 'எக்ஸ்க்ளூசிவ்' என்றால் ஒருவருக்கு மட்டும், விலை அதிகம். நெதர்லாந்தில் யங்கியோ என்ற இளைஞன் இப்படி இணையத்தில் வைத்த பீட்டை, அமெரிக்காவில் லில் நாஸ் எக்ஸ் 30 டாலருக்கு வாங்கினான். அதுதான் 'ஓல்டு டவுன் ரோடு'. 2019-இல் 19 வாரம் பில்போர்டு பட்டியலில் முதலிடம். வேடிக்கை என்னவென்றால் அந்த பீட்டுக்குள்ளேயே 'நைன் இன்ச் நெயில்ஸ்' குழுவின் 2008-ஆம் ஆண்டு இசைத்துண்டு ஒன்று இருந்தது! கடைசியில் அவர்கள் பெயரையும் சேர்த்தார்கள். யங்கியோவின் பெயரும் நின்றது.

நம் நாட்டுக்கு வருவோம். 1977-இல் உச்ச நீதிமன்றம், படத்துக்கு அமைத்த இசை பொதுவாகத் தயாரிப்பாளருக்கே சொந்தம் என்று சொல்லிவிட்டது. இசையமைப்பாளர்கள் வெகுகாலம் பொருமினார்கள். 2012-இல் சட்டம் திருந்தியது. ராயல்டியில் படைத்தவனுக்குள்ள பங்கை ஒப்பந்தம் போட்டுப் பறிக்க முடியாதபடி செய்தார்கள். மாநிலங்களவையில் அதற்காகப் பேசியவர் ஜாவேத் அக்தர்.

நான் பையனுக்கு வாசித்துக் காட்டியது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 57-ஆம் பிரிவு இன்னும் நல்லது: உரிமையை விற்றாலும், படைத்தவன் நான்தான் என்று சொல்லும் உரிமை போகாது. (நான் வக்கீல் இல்லை. நோட்டீஸ் அனுப்புமுன் வக்கீலைப் பாருங்கள்.)

"அப்போ நான் 'ஃபுல் ரைட்ஸ் எடுத்துக்கங்க'ன்னு வாய்ஸ்ல சொன்னது சார்?"

"கையெழுத்து எங்கடா?"

பையன் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் ஓடியது. பீட்டின் மூல ஃபைலும் அதன் தேதியும் அவனிடம் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைக் காட்டிக் கோரிக்கைக்கு மறுப்புப் போட்டோம். பாடகருக்கும் மரியாதையாகவே ஒரு கடிதம் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை.

பீட்டின் தொடக்கத்தில் செய்தவன் பெயரைக் குரலில் பதித்துவிடுவார்களாம், 'டேக்' என்று பெயர். நம் முத்திரைதான் அது! தியாகராஜர் தம் பெயரை வைத்தார், தீட்சிதர் 'குருகுக' என்றார், பாபநாசம் சிவன் 'ராமதாசன்' என்றார். உனக்கும் ஒன்று வேண்டுமே என்றேன். தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"அம்மா சொல்லிருக்காங்க சார். கிளாசுக்குள்ள வந்ததும் ஒண்ணு சொல்லுவீங்களாமே, அதையே சொல்லுங்க" என்று போனை நீட்டினான்.

என்னிடம் படித்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். "எடு நோட்டை!" மூன்று முறை சொல்ல வைத்தான். இரண்டாவதுதான் நன்றாக வந்ததாம்.